நானே பேரம் பேசிக் குறைத்த ஓய்வூதியம்

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

கடையை என் மகனிடம் ஒப்படைத்துவிட்டேன். அதற்கு ஈடாக, நான் உயிரோடு இருக்கும்வரை மாதம் ஐம்பதாயிரம் தருகிறேன் என்றான். நான் பேரம் பேசி அதை முப்பத்தைந்தாயிரத்துக்குக் கொண்டுவந்து முடித்துவிட்டேன். இதற்கு முழுக் காரணமும் நீங்கள்தான்.

இந்த இடத்தில் நலம் விசாரிக்க வேண்டும். விசாரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முழங்கால் வலி தேவலையா என்று உங்கள் தங்கை கேட்கச் சொன்னாள். அதையும் கேட்டாயிற்று. நாங்கள் எல்லோரும் சுகம், என்னைத் தவிர. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

இது எங்கே ஆரம்பித்தது என்பது உங்களுக்கு நினைவிருக்காது. எனக்கு இருக்கிறது. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் இரண்டாம் முறை தட்டை நிரப்பிக்கொண்டு நீங்கள் உட்கார்ந்திருந்தபோது, உங்கள் சட்டைப்பையில் இருந்த போன் ‘டிங்’ என்றது. எடுத்துப் பார்த்தீர்கள். “பென்ஷன் வந்துடுச்சு” என்றீர்கள், வீட்டில் குழந்தை பிறந்த சேதியைச் சொல்வது போல. நானோ அன்றைக்கு ஒரு லோடு குழாய் இறக்கிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் எந்த இடுப்பையும் பிடிக்காமல் பணம் வாங்கிவிட்டீர்கள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. என்னைப் பார்த்து, “மாப்ளே, மாசம் பொறந்தா உங்களுக்கு என்ன வரும்?” என்று கேட்டீர்கள். “கரண்ட் பில் வரும்” என்றேன். நல்ல பதில்தானே? உங்கள் தங்கை சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அவள் என்னைப் பார்த்த பார்வையே வேறு. ரொம்ப நாளாக விற்காமல் மூலையில் கிடக்கும் சரக்கை நான் எப்படிப் பார்ப்பேனோ அப்படிப் பார்த்தாள்.

சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து, ஒரு காகிதத்தை எடுத்து மூன்று வட்டம் போட்டீர்கள். ஒரு வட்டம் வங்கி, ஒரு வட்டம் அவசரத்துக்கு, ஒரு வட்டம் வளர்ச்சிக்கு. “உங்க சேமிப்பை மூணாப் பிரிங்க மாப்ளே, வயசான காலத்துல நிம்மதியா இருக்கலாம்” என்றீர்கள். மச்சான், என் சேமிப்பு உங்களைப் போல அலமாரியில் அடங்குகிற சேமிப்பா? அது கிடங்கில் நிற்கிறது. முக்கால் அங்குலக் குழாய், ஒரு அங்குலக் குழாய், வளைவு, வால்வு, மூட்டை மூட்டையாக வாஷர். லாபம் வந்தபோதெல்லாம் சரக்காகப் போட்டவன் நான். அதை எந்த வட்டத்தில் போடுவது? மாத்திரை வாங்கப் போய், சில்லறைக்குப் பதிலாக நாலு வாஷர் கொடுத்தால் மருந்துக் கடைக்காரர் வாங்கிக்கொள்வாரா?

இருந்தாலும் உங்கள் பேச்சுக்கு மதிப்புக் கொடுத்துக் கையில் இருந்ததைத் திரட்டிக்கொண்டு வங்கிக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண். நல்ல பெண்தான், “உட்காருங்க சார்” என்று சொன்னாள். வட்டி ஏழு சதவீதம் என்றாள். “ஒம்போது போட்டுக் குடும்மா” என்றேன். “சார், எல்லாருக்கும் ஒரே ரேட்தான்” என்றாள். “எல்லாருக்கும் ஒரே விலைன்னு எங்க கடையிலயும்தாம்மா போர்டு தொங்குது. நான் என்ன எல்லாருக்குமா கேக்கறேன்? எனக்குத்தானே கேக்கறேன்? சரி, எட்டரை.” பின்னால் நின்ற ஆள் கழுத்தை நீட்டி, “பெரியவரே, நாங்கள்லாம் வேலைக்குப் போகணும்” என்றான். நான் விடவில்லை. என்னிடம் கடைசியாக ஒரு வித்தை உண்டு. பேரம் படியாவிட்டால் எழுந்து, சட்டையைத் தட்டிவிட்டு, மெதுவாக வாசலை நோக்கி நடப்பது. வேகமாக நடக்கக் கூடாது. கூப்பிட அவகாசம் கொடுக்க வேண்டும். இந்த நடையைப் பார்த்துக் கூப்பிடாத வியாபாரி இதுவரை பிறக்கவில்லை. அப்படியே நடந்தேன். வாசல் வந்தது. கதவு வந்தது. படி வந்தது. தெருவே வந்துவிட்டது, யாரும் கூப்பிடவில்லை. வெயிலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். பிறகு குடையை மறந்தவன் போல உள்ளே போனேன். நான் குடை கொண்டுபோகவில்லை என்பது அந்தப் பெண்ணுக்கும் தெரியும், வாசல் காவலாளிக்கும் தெரியும். ஏழுக்கே கையெழுத்துப் போட்டேன். அதில் வருகிற வட்டி எங்கள் இரண்டு பேர் மாத்திரைக்குச் சரியாகப் போகும். சாப்பாட்டுக்கு?

அதைத்தான் போனில் உங்களிடம் கேட்டேன். அதற்கு என்ன சொன்னீர்கள்? “அப்போ கடையையே பென்ஷனா மாத்திடுங்க மாப்ளே. பையன்கிட்ட குடுங்க, மாசா மாசம் இவ்வளவுன்னு பேசி முடிச்சிடுங்க. ஆனா ஒண்ணு, அப்பா புள்ளைன்னு பாசத்தைக் குறுக்கே கொண்டு வராதீங்க. வெளி ஆள்கிட்ட பேசற மாதிரி பேசுங்க.” நானும் தலையாட்டினேன். மனசுக்குள் கணக்கு ஓடியது. வீட்டுச் செலவு, வரிகள், ஆஸ்பத்திரி, நல்லது கெட்டது எல்லாம் பார்த்தால் அறுபது வேண்டும். அறுபதில் ஆரம்பித்து ஐம்பதில் நிற்கலாம். மச்சான், எனக்குப் பேராசை கிடையாது. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். சாகிற வரைக்கும், முடி வெட்டிக்கொள்ளக்கூட மகனிடம் போய்க் கை நீட்டக் கூடாது. நீட்டினால் அவன் கொடுப்பான், அது எனக்குத் தெரியும். கொடுத்துவிடுவானே என்பதுதான் என் பயமே.

இப்போது கடைப் பின்கட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் அந்த அறைக்குள் வந்ததில்லை. கம்பெனி ஏஜெண்டுகள் விலை பேச வந்தால் அங்கேதான் உட்கார வைப்பேன். என் பக்கம் மின்விசிறி உண்டு. அவர்கள் பக்கம் காற்று வராது. அவர்களுக்கு ஒரு தனி நாற்காலி. அதன் முன்கால் ஒன்று சுண்டுவிரல் அகலம் குட்டை. உட்கார்ந்தவன் ஆடிக்கொண்டே இருப்பான், காலை ஊன்றுவதிலேயே புத்தி போய்விடும், பேச்சில் பிடி தளரும். டீ உடனே வராது. விலை இறங்கிய பிறகுதான் வரும். முக்கியமான சட்டம்: யார் முதலில் தொகையைச் சொல்கிறானோ அவன் தோற்றான். எதிராளி தொகையைச் சொன்னால், என்ன தொகையாக இருந்தாலும், ஒரு நொடிகூட யோசிக்காமல் “ஐயோ” என்று நெஞ்சில் கை வைத்துப் பாதிக்குப் பக்கத்தில் ஒரு தொகையைச் சொல்ல வேண்டும். முடிந்ததும் கை கொடுக்க வேண்டும். கை கொடுத்த பிறகு வாய் திறக்கிறவன் வியாபாரியே இல்லை. இந்தச் சட்டங்களை வைத்துத்தான் ஒரு தள்ளுவண்டியிலிருந்து இந்தக் கடைக்கு வந்தேன். இவை அத்தனையையும் என் மகனுக்கு நானே சொல்லிக் கொடுத்தேன்.

பேசுகிற நாளன்று போனேன். “வாங்கப்பா” என்று எழுந்து நின்றான். மரியாதையான பிள்ளை என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாற்காலி ஆடியது. மச்சான், அதன் கால் குட்டை என்பது எனக்குத் தெரியாதா? அதை அறுத்தவனே நான்தான்! அவன் என் இடத்தில், என் மின்விசிறிக்குக் கீழே, என் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எனக்கு வேர்த்தது. டீ வரவில்லை. சரி, பார்த்துவிடலாம் என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். அவனும் மூடிக்கொண்டான். வெளியே யாரோ குழாய் கேட்டார்கள், வாங்கினார்கள், போனார்கள். வேறு யாரோ வந்து, வால்வு ஒழுகுகிறது என்று சண்டை போட்டுவிட்டுப் போனார்கள். நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி, உண்ணாவிரதம் இருக்கிறவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தோம். கடைசியில் அவனுக்குத்தான் பொறுக்கவில்லை. “சரிப்பா, மாசம் அம்பது” என்றான்.

ஜெயித்துவிட்டேன் மச்சான்! அந்த நொடியில் நான் ஜெயித்துவிட்டேன்! வாயை மூடிக்கொண்டு கையை நீட்டியிருந்தால் போதும். ஆனால் அந்த அறையில், அந்த மேஜைக்கு எதிரிலிருந்து ஒரு தொகை காதில் விழுந்தால் என் வாய் என்னைக் கேட்டுக்கொண்டா திறக்கும்? நெஞ்சில் கை வைத்து, “ஐயோ, அம்பதா! அநியாயம் பண்ணாதே. முப்பதுக்கு மேல ஒரு காசு பெறாது!” என்றேன்.

அவன் கண் விரிந்தது. பேனா நின்றது. நான் வளர்த்த பிள்ளை அல்லவா, ஒரே நொடிதான். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, “என்னப்பா இப்படி அடிக்கறீங்க, சரி, உங்களுக்காக நாப்பது” என்றான். எனக்கு ரத்தம் சூடேறிவிட்டது. படிய வைத்துவிடலாம் என்ற வெறி வந்துவிட்டது. “முப்பத்தஞ்சு. கடைசி விலை. இஷ்டம்னா கை குடு, இல்லேன்னா நான் எழுந்து போயிட்டே இருப்பேன்” என்று எழவும் எழுந்துவிட்டேன். கை கொடுத்தான். இறுக்கிக் கொடுத்தான். அப்புறம் வாசல் பக்கம் திரும்பி, “அப்பாவுக்கு ஒரு டீ!” என்று குரல் கொடுத்தான்.

அந்த டீயைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த அறையில் டீ யாருக்கு வரும் என்று எனக்குத் தெரியாதா? “டேய், அது நான் வாங்கறவன்னு நெனச்சுச் சொன்னதுடா” என்றேன். “அப்பா, கை குடுத்தாச்சு. கை குடுத்தப்புறம் வாய் தொறக்கறவன் யாருன்னு நீங்கதானே சொல்வீங்க” என்றான். “நான் அறுபது வரைக்கும் ஏறலாம்னு இருந்தேம்பா. மாமாதான் முதல்ல அம்பதுல ஆரம்பின்னாரு” என்று வேறு சொன்னான். எந்த மாமா என்றேன். “நம்ம மாமாதான். உங்க அப்பாவாச்சேன்னு பாசத்தைக் குறுக்கே கொண்டு வராதே, வெளி ஆள்கிட்ட பேசற மாதிரி பேசுன்னு போன்ல சொன்னாரு.”

மச்சான்! இரண்டு பக்கமும் கமிஷன் அடிக்கிற தரகர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களையாவது புரிந்துகொள்ளலாம், வயிறு இருக்கிறது. ஒரு காசு கமிஷனும் வாங்காமல் இரண்டு பக்கமும் ஏற்றிவிட்டு, முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டு வேடிக்கை பார்க்கிற தரகரை இப்போதுதான் பார்க்கிறேன். இதில் உங்களுக்கு என்ன கிடைத்தது?

வீட்டுக்கு வந்து சொன்னேன். உங்கள் தங்கை கேட்டுக்கொண்டே இருந்தாள். “அவன் அம்பதுன்னான், நீங்க முப்பதுன்னீங்களா?” என்று திரும்பவும் கேட்டாள். ஆமாம் என்றேன். அடுக்களைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாள் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுபோனேன். சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்ததில் தப்பில்லை. செலவைக் கூட்டிப் பார்த்ததும் அவளுக்கும் சிரிப்பு நின்றுவிட்டது. முப்பத்தைந்தில் வீடு ஓடும். நாங்கள் நடக்கத்தான் வேண்டும். போன வாரம் என் மூக்குக்கண்ணாடியின் காது ஒடிந்துவிட்டது. புதுசு வாங்கினால் கடைசி வாரம் துண்டு விழும். மகனிடம் கேட்க மாட்டேன். குழாய் மரையில் சுற்றுகிற வெள்ளை டேப் ஒரு சுருள் என் சட்டைப்பையில் கிடந்தது, அதைச் சுற்றி மாட்டிக்கொண்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தையும் அப்படித்தான் எழுதுகிறேன். எழுத்து கோணினால் அதற்கும் நீங்கள்தான் பொறுப்பு.

ஓய்வு, ஓய்வு என்றீர்களே, அதைப் பற்றியும் கேளுங்கள். காலையில் எழுந்தால் திறப்பதற்கு ஷட்டர் இல்லை. கை சும்மா இருக்குமா? அடுக்களைக்குள் போனேன். மச்சான், உங்கள் தங்கை இவ்வளவு வருஷமாகச் சரக்கை எப்படி அடுக்கி வைத்திருக்கிறாள் தெரியுமா? ஒரு ஒழுங்கும் இல்லை. கரண்டிகளை எல்லாம் எடுத்து, விட்டத்தின் அளவுப்படி சிறிசிலிருந்து பெரிசாகச் சுவரில் ஆணி அடித்து மாட்டினேன். டப்பாக்களுக்குச் சீட்டு ஒட்டினேன். மூன்று டப்பாவில் ‘இருப்பு குறைவு’ என்று எழுதினேன். தெருவில் தள்ளுவண்டியில் காய்கறி கொண்டுவருகிற ஆளைப் பிடித்து, அவர் சொல்லச் சொல்ல இறக்கிக்கொண்டே வந்தேன். அவர் வெங்காயத்தை அப்படியே என் கையில் கொடுத்துவிட்டு, “சும்மாவே வெச்சுக்கங்க ஐயா, என்னை விட்டுடுங்க” என்று போனவர் போனவர்தான். உங்கள் தங்கை வந்து நின்றாள். “அந்த ஆளு நம்ம தெருப் பக்கமே வரமாட்டேங்கறாரு. தாளிக்கக் கரண்டி எடுத்தா சுவரோட வருது. என்னங்க, ஒண்ணு நீங்க இந்த அடுக்களையில இருங்க, இல்ல நான் இருக்கேன்” என்றாள். எனக்குச் சமைக்கத் தெரியாது என்பதால் நான் வெளியேறினேன். வீட்டிலும் இடமில்லை, கடையிலும் இடமில்லை. வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். போகிறவர் வருகிறவர் எல்லாம், “என்ன முதலாளி, கடைக்குப் போகலியா?” என்கிறார்கள்.

ஆகவே இதனால் தங்களுக்குத் தெரிவிப்பது என்னவென்றால், முடிச்சைப் போட்டவர் நீங்கள், நீங்களே வந்து அவிழ்க்க வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் ஏறுங்கள். நான் கை கொடுத்துவிட்டேன், நான் வாய் திறக்க முடியாது. நீங்கள் கை கொடுக்கவில்லை. அந்தப் பயலை உட்கார வைத்து, “மாமா சொல்றேன், அம்பதே குடு” என்று சொல்லுங்கள். அந்த நாற்காலியில் மட்டும் உட்கார்ந்துவிடாதீர்கள். அதுவரை நான் கடைப் படியை மிதிக்க மாட்டேன். நீங்கள் வராவிட்டால் நமக்குள் பேச்சுவார்த்தை இல்லை. உங்கள் வீட்டு மாடித் தொட்டிக்கு இத்தனை காலம் அடக்க விலையில் வால்வு போட்டுக் கொடுத்தேன். இனிமேல் போர்டு விலை. கூலி தனி. உங்கள் மூன்று வட்டக் காகிதத்தை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நான்காவதாக ஒரு வட்டம் போட்டு அதில் உங்களை எழுதியிருக்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம், நன்றாக இருக்கட்டும், யாரிடமும் யோசனை கேட்காமல் இருக்கட்டும். உங்களுக்கு இந்த முறை எதுவும் இல்லை.

இப்படிக்கு,
ஆறாத கோபத்துடன்,
உங்கள் தங்கையின் கணவன்,
முன்னாள் முதலாளி.

பின்குறிப்பு: நீங்கள் வர வேண்டாம். பஸ் டிக்கெட் எடுத்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். இந்தக் கடிதத்தை உறைக்குள் போடாமல் மேஜையில் வைத்துவிட்டு ஸ்டாம்ப் வாங்கப் போனேன். அதற்குள் உங்கள் தங்கை படித்துவிட்டாள். “கடைக் கட்டடம் யார் பேர்ல இருக்கு?” என்று கேட்டாள். அவள் பெயரில்தான் இருக்கிறது. அதை வாங்கியபோது, “தங்கச்சி பேர்ல எழுதுங்க மாப்ளே, ஒரு பாதுகாப்பு” என்று என்னை நச்சரித்தது நீங்கள். எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் பெண்டாட்டி கட்டடத்துக்கு வாடகை என்று ஒன்று உண்டு என்பது எந்தப் புருஷனுக்குத் தோன்றும்? “நான் யாருக்கும் கை குடுக்கலியே” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். நான் படியை மிதிக்க மாட்டேன் என்று சொல்லியிருந்ததால் எதிர்ச் சாரியில் நின்று பார்த்தேன். பின்கட்டுக்குக் கூப்பிட்டான், போகவில்லை. முன்னால் கல்லாவில், அவன் நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். அவன் வாயை இறுக்கி மூடிக்கொண்டான். அவள் பையிலிருந்து ஃபிளாஸ்க்கை எடுத்துத் தன் டீயைத் தானே ஊற்றிக்கொண்டாள். பயல் தொலைந்தான் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. வந்த வாடிக்கையாளர் ஒவ்வொருவரையும் உட்கார வைத்து, அவன் எத்தனை வயது வரை படுக்கையை நனைத்தான் என்று சொல்ல ஆரம்பித்தாள். மூன்றாவது ஆளுக்குச் சொல்லும்போது, “அம்மா, எவ்வளவு வேணும், சொல்லும்மா!” என்று அவன் கத்தியது எனக்குத் தெருவைத் தாண்டிக் கேட்டது. வாடகை இருபத்தைந்து. என் முப்பத்தைந்தோடு சேர்த்தால் அறுபது. கட்டடம் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரிதான். அதற்காக நன்றி சொல்வேன் என்று எதிர்பார்க்க வேண்டாம். வால்வு பழைய விலைக்கே கிடைக்கும்.

இனி எல்லாமே உங்கள் தங்கை கையில்தான் வரும். அதனால் என் கைச்செலவுக்கு அவளோடு பேசி முடிக்க வேண்டியதாயிற்று. முடிவான விவரம்: தினமும் காலை பத்து முதல் ஒன்று வரை நான் வீட்டில் இருக்கக் கூடாது, கடையில் ஏஜெண்டுகளோடு பேச உட்கார வேண்டும், மின்விசிறி என் பக்கம். குட்டைக்கால் நாற்காலிக்கு யாரும் முட்டுக் கொடுக்கக் கூடாது. கரண்டிகளைத் தொடக் கூடாது. மூக்குக்கண்ணாடி அவள் செலவு. யாரிடமும் கணக்குச் சொல்லாமல் நான் செலவழித்துக்கொள்ள, ஒவ்வொரு முதல் தேதியும் என் கையில் பன்னிரண்டாயிரம். அவள் முதலில் சொன்னது பதினைந்து.